முதுகு காட்டாமல் ஒரு படம்

பொலன்னறுவைக் கல்விகாரையில் ஒரே பாறையில் நான்கு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு காலத்து வேலை. கிடந்த கோலத்தில் இருக்கும் புத்தர் மட்டும் ஏறத்தாழ 14 மீற்றர் நீளம். அதன் முன்னால் யாராவது செல்ஃபி எடுக்கத் திரும்பினால் காவலர் குரல் கொடுத்துவிடுவார். படம் எடுக்காதே என்பதல்ல அவருடைய ஆட்சேபம்; முதுகைக் காட்டி நிற்காதே என்பதுதான். சிலையை எடுக்கலாம், சிலையைப் பார்த்து நிற்பவரையும் எடுக்கலாம். சிலையைத் தன் முகத்துக்குப் பின்திரை ஆக்கத்தான் கூடாது.

இலங்கையின் விகாரைகள் எங்கும் இதே வழக்கம்தான். இதற்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. 2012இல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோல எடுத்த படங்களைக் காலியில் ஒரு கடையில் அச்சிடக் கொடுத்தார்கள். கடையிலிருந்து பொலிசுக்குத் தகவல் போனது. நீதிமன்றம் அவர்களுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. அது மிகை என்பதே என் எண்ணம். காவலர் அந்த இடத்திலேயே சொல்லும் ஒரு சொல் செய்யும் வேலையை எந்தத் தண்டனையும் செய்யாது.

தமிழ்நாட்டுக் கோயில்கள் வேறு வழியில் போயின. 2018இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் தீ விபத்து நடந்த பிறகு அங்கே கைபேசிக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், மாநிலத்தின் எல்லாக் கோயில்களிலும் கைபேசியைத் தடைசெய்யும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை வந்துவிட்டது. போனைக் கொடு, டோக்கனை வாங்கு, உள்ளே போ. இதில் நன்மை இல்லாமல் இல்லை. தூக்கிய கைகளும் ஒளிரும் திரைகளும் மறைக்காமல் தீபாராதனையைக் கண்ணாரப் பார்க்க முடிகிறது. ஆனால் இந்த முறை கருவியைத்தான் அடக்குகிறது. டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கியதும் கோபுர வாசலிலேயே விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலைப் பாருங்கள். அங்கேயும் உள்ளே படம் எடுக்கக் கூடாது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். தொலைபேசி மடியில் இருந்தாலும் வெளியே வராது. எடுத்து நீட்டினால் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்பவரே முகத்தைச் சுளிப்பார். ஊர்க்கண் காவல் காக்கிறது. கல்விகாரைக் காவலரின் குரலும் நல்லூர் அடியார்களின் பார்வையும் ஒரே வேலையைச் செய்கின்றன: கருவியைக் கையில் விட்டுவைத்து, எடுப்பவனைத் திருத்துகின்றன. கட்டுப்பாடு என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

சிகிரியா ஓவியங்களைப் படமெடுக்கவே கூடாது. அஜந்தா குகைகளுக்குள் ஃபிளாஷ் கூடாது. ஓவியத்தைக் காக்கும் ஏற்பாடுகள் இவை, மறுபேச்சில்லாமல் கீழ்ப்படியலாம்.

ஆனால் இரண்டு நாடுகளிலும் இந்த விதிகள் பெரும்பாலும் கடவுளையும் கல்லையும் சாயத்தையுமே காக்கின்றன. கும்பிட வந்த மனிதரைக் காக்க என்ன இருக்கிறது?

ஆடி அமாவாசையை எடுத்துக்கொள்வோம். இறந்த தந்தைக்குப் பிதிர்க்கடன் கழிக்க யாழ்ப்பாணத்தார் கீரிமலைத் தீர்த்தக்கேணிக்குப் போவார்கள். அதே நாளில் இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திலும் கூட்டம் நிரம்பி வழியும். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே எள், ஒரே தண்ணீர், ஒரே துக்கம். கீரிமலையில் பெண்களுக்குத் தனிக்கேணி உண்டு, சுவரே மறைப்பு. அக்கினி தீர்த்தமோ திறந்த கடல். நனைந்த சேலையோடு கரையேறும் பெண்ணுக்கு எதிரே கமராக்கள். இராமேசுவரம் கோயிலுக்குள் கைபேசி போகாது. 22 தீர்த்தங்களில் நீராடுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. சற்றுத் தள்ளி, அதே பெண் கடலில் இறங்கும்போது அது கிடையாது.

கீரிமலையிலும் நிலைமை முழுக்க நன்றென்று சொல்லமாட்டேன். தர்ப்பைப் பவித்திரம் அணிந்த விரல், அதன் வழியாக ஒழுகும் எள்ளுத்தண்ணீர், சொல்லிக்கொடுக்கும் மந்திரத்தைத் தடுமாறித் திருப்பிச் சொல்லும் ஒரு மகன். படமெடுக்கத் தெரிந்த எவரையும் இழுக்கும் காட்சி அது. நல்ல வெளிச்சமும் இருக்கும். அந்த மகன் சம்மதித்தானா என்ற கேள்விதான் எடுப்பவருக்கு வருவதில்லை. போர் தின்ற மண்ணில், யாருக்காக அந்த எள்ளை இறைக்கிறார்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

காசி மணிகர்ணிகைப் படித்துறையில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. எரியும் சிதையை நோக்கிக் கமராவைத் தூக்கினால் அங்குள்ளவர்களே தடுத்துவிடுவார்கள். எல்லாரையும் படமெடுக்கும் காசியில், இறந்தவரையும் அழுபவரையும் விட்டுவிடு என்ற வழக்கம் நிலைத்திருக்கிறது. நம் தீர்த்தக்கரைகளிலும் அது நிலைக்கலாம்.

கீரிமலையையும் அக்கினி தீர்த்தத்தையும் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவிப்புப் பலகையில் ஒரு வரி சேருங்கள்: நீராடுபவரையும் பிதிர்க்கடன் கழிப்பவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர். பலகை வரும்வரை, கமராவோடு போகும் நண்பர்களே, முதலில் படத்தில் வரப்போகிறவரிடம் கேளுங்கள். அவர் தலையசைக்கவில்லை என்றால் கமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.