ஊர் எப்போது ஊராயிற்று?

வடசென்னையின் பழமை குறித்து ஆண்டு மலர்களில் வெளிவரும் கட்டுரைகள் சிலவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறோம். ஆர்வம் பாராட்டுக்குரியது, ஆராய்ச்சிதான் போதவில்லை. கற்காலம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆற்றங்கரையில் ஊர்கள் செழித்திருந்தன என்று எழுதிவிடுகின்றனர்.

ஆறு நம்முடையதே. எண்ணூரில் கடலைச் சேரும் கொசத்தலையாற்றின் வடிநிலத்தில்தான் அத்திரம்பாக்கம் உள்ளது. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அவ்விடத்தை அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியிட்டனர். ஆகவே எண்ணில் பிழையில்லை. ‘ஊர்’ என்ற சொல்லில்தான் பிழை. அக்கருவிகளைச் செய்தோர் உணவு தேடி இடம் பெயர்ந்து திரிந்தவர்கள். நம்மைப் போன்ற மனித இனமே அன்று தோன்றியிருக்கவில்லை.

பயிரிட்டு, கால்நடை வளர்த்து, ஓரிடத்தில் தங்கிய வாழ்வைப் புதிய கற்காலத்தோடு சேர்த்தே அறிஞர்கள் பேசுகின்றனர். அதுவும் எங்கும் ஒரே நாளில் விடிந்துவிடவில்லை. அரபு மக்கள் அரீஹா என வழங்கும் பாலஸ்தீனத்து எரிகோவில், மட்பாண்டம் வனையவே அறியாத மக்கள் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மதிலும் கோபுரமும் எழுப்பியிருந்ததை 1950களில் காத்லீன் கென்யனின் அகழாய்வு காட்டிற்று. தமிழகத்தில் அத்தகைய வாழ்வின் தடயம் மிகப் பிந்தியது. திருப்பத்தூர்ப் பகுதியிலுள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, தரையைக் குழித்து அமைத்த குடியிருப்புகளும், தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகளும், சாம்பல் நிறப் பானை ஓடுகளும், கரிந்த கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டு.

இலட்சங்களின் அருகே ஆயிரங்கள் எளியவையாகத் தோன்றுகின்றன போலும். நாம் படித்த மலர்களில் பையம்பள்ளியின் பெயரே இல்லை. நம் அடுக்களையில் இன்றும் வேகும் கொள்ளு, அந்தக் குழிவீட்டு அடுப்பிலும் வெந்திருக்கக்கூடும். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியோடு நமக்கு இத்தகைய உறவு ஏது?

இதைச் சொற்பூசல் என்று தள்ளிவிட வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க இன்று பலர் வாதாடி வருகின்றனர். அவர்களுள் ஒருவர் இந்த ‘ஊர்’க் கதையைச் சான்றாக எடுத்துக்கொண்டால், எதிர்த்தரப்பு அதை எளிதில் கவிழ்த்துவிடும், உண்மையான 15 இலட்சமும் அதோடு சேர்ந்து ஐயத்திற்குள்ளாகும். மலர் தொகுப்போர் அடுத்த பதிப்பிலேனும் அச்சொல்லை நீக்கி, பையம்பள்ளிக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்களாக.