எதிரே நின்றவர்கள்: பழைய தலைமுறை நடிகையர் வந்த வழிகள்

பழைய நடிகையரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்கிறது. ஒன்று அவர்களுடைய அழகு, மற்றொன்று கடைசிக் காலத்தில் பட்ட கஷ்டம். சாவித்திரி நினைவிழந்து கிடந்த மாதங்களைத் துல்லியமாகச் சொல்கிற நாம், 'நவராத்திரி'யில் அவர் செய்த காரியம் எப்பேர்ப்பட்டது என்று ஒரு நாளாவது பேசியிருப்போமா? அவர்களுடைய தொழிலைப் பற்றிப் பேச ஒரு மலராவது இடம் தர வேண்டும். யார் எந்தப் பட்டறையிலிருந்து வந்தார், என்ன கற்றுக்கொண்டு வந்தார், எதை வைத்து அவரை மதிப்பிட வேண்டும் என்பதே இங்கே என் விஷயம்.

முதல் பட்டறை நாடகக் கொட்டகை. சினிமாவுக்கு வெகு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களே நடித்த ஒரு குழுவை நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டார்கள் என்று பழைய நாடகக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் திருவையாற்று டி.பி.ராஜலட்சுமி. 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் அவர் தமிழில் பேசிப் பாட, நாயகன் தெலுங்கில் பேசினார். ஐந்தே ஆண்டுகளில், தாமே எழுதிய நாவலை 'மிஸ் கமலா' என்று தாமே படமாக்கி இயக்கினார். தென்னாட்டில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் அதுதான். பால்ய விவாகம் முறிந்து, பிழைப்புக்காக மேடை ஏறிய ஒரு பெண் இவ்வளவும் செய்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. துக்கமான விஷயம், 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை.

இந்தக் கொட்டகைப் பாடத்தில் ஸ்பெஷல் நாடகம் என்ற வகை மிக முக்கியம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். கூடி ஒத்திகை பார்க்க நேரம் இருக்காது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். ஆனால் எதிரே நிற்பவர் அன்றைக்கு என்ன கேட்பார், எந்த ராகத்தில் ஏறுவார் என்று தெரியாது. வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் விடிய விடியப் போகும். கேட்ட கேள்விக்கு அதே இடத்தில் பதில் சொல்லத் தெரியாத வள்ளிக்கு மறுநாள் அழைப்பு வராது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் சொல் பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு பயிற்சி. எதிராளியைக் காதால் விழுங்கிக்கொண்டு, அவர் முடித்த இடத்திலிருந்து தான் எடுப்பது அதைவிடப் பெரிய பயிற்சி. இந்த இரண்டாவது பயிற்சிதான் நம் நடிகையருடைய தரத்துக்கு உரைகல் என்று நினைக்கிறேன். கதையும் வசனமும் பெரும்பாலும் ஆண் பக்கமே சாய்ந்திருந்த சினிமாவில், எதிரே நின்று கேட்கிற முகத்தில்தான் அவர்கள் தங்கள் இடத்தைப் பிடித்தார்கள்.

கே.பி.சுந்தராம்பாள் இந்தப் பட்டறையின் சிகரம். கொடுமுடியில் வறுமையில் பிறந்தவர். இலங்கையில் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் மேடை ஏறினார். கிட்டப்பாவின் குரல் மேலே பறக்கிற குரல். அதற்கு எதிரில் நிற்பதென்றால் சாதாரணப் பெண் குரல் காணாமல் போய்விடும். சுந்தராம்பாள் காணாமல் போகவில்லை. அந்த ஜோடிக்காக ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது, மேடைப் போட்டி வாழ்க்கைத் துணையாகவும் ஆனது. 1933இல் கிட்டப்பா இளம் வயதிலேயே காலமானதும் வெள்ளைப் புடவைக்கு மாறி, இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் 'நந்தனார்' எடுக்க வந்தவர்கள் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! நந்தனார் என்ற ஆண் வேடத்தில் அவர் நடிக்க, வேதியராக எதிரே நின்றவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர்.

பிறகு 1953இல் ஜெமினியின் 'ஒளவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்துக் கவுந்தியடிகள். 1967இல் வந்த 'கந்தன் கருணை'யில் முருகன் கேட்கக் கேட்க ஒளவை பாட்டாலேயே பதில் சொல்லும் இடத்தை மறுபடி பாருங்கள். கேள்வி முடிந்த பிறகு அவர் உடனே வாய் திறப்பதில்லை. கேள்வியை ஒரு கணம் முகத்தில் வாங்கிக்கொள்கிறார், அப்புறம்தான் குரல் எழும்புகிறது. அறுபதை நெருங்கிய வயதில், சினிமா செட்டில், பழைய வள்ளியின் தர்க்கம் அப்படியே உயிரோடு நிற்கிறது. இடையில் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். அந்த வகையில் திரையுலகிலிருந்து அரசியல் அவைக்குள் போனவர்களுக்கெல்லாம் அவர் மூத்தவர்.

கச்சேரி மேடையிலிருந்து வந்தவர்களின் வழி வேறு. எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சேவாசதனம்' (1938), 'சகுந்தலை' (1940), 'சாவித்திரி' (1941), 'மீரா' (1945) என்று நாலே கதைகளில் நடித்துவிட்டு விலகிக்கொண்டார். 'சாவித்திரி'யில் அவருக்கு நாரதர் வேடம். 'மீரா'வை இயக்கிய எல்லிஸ் டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். படப்பிடிப்புக்கு முன் எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாக வார்த்து, எந்தப் பக்கம் விளக்கு விழுந்தால் அந்த முகம் எப்படி மாறுகிறது என்று அந்தச் சிலையில் பரீட்சை செய்து பார்த்தார். அந்த உழைப்பு படத்தில் தெரிகிறது. நடிப்பு என்று பார்த்தால் எம்.எஸ்.ஸுக்கு அசைவு குறைவுதான். பாடும்போது முகம் தானாகக் கனியும், விளக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். இசை வழியில் வந்தவர்களை அந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். வசனத்தை வைத்து அவர்களைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

இந்த வழி அடைபட்டதற்கு ஓர் ஆண்டைக் குறிப்பிட வேண்டுமானால் 1945ஐச் சொல்வேன். ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி' வெளிவந்தபோது வள்ளியாக நடித்த ருக்மணி தம் குரலிலேயே பாடியிருந்தார். எதிரே டி.ஆர்.மகாலிங்கம் உச்சஸ்தாயியில் பொழிய, வள்ளியின் பாட்டு எடுபடவில்லை என்று மெய்யப்பச் செட்டியாருக்குத் தோன்றியது. படம் வெளிவந்த பிறகும் விடவில்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மணியின் உதட்டசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தி, மாற்றிய பிரதியைத் திரையிட்டார். படம் அமோகமாக ஓடியது. இதற்கு முன்பே 'நந்தகுமார்' (1938) படத்தில் பின்னணிக் குரலை அவர் பரீட்சித்திருந்தாலும், பாடத் தெரியாமலும் கதாநாயகி ஆகலாம் என்ற கதவு ஊரறியத் திறந்தது இப்போதுதான். ருக்மணிக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், இந்தக் கதவு திறக்காவிட்டால் பத்மினியும் சாவித்திரியும் நமக்கு இந்த உருவத்தில் கிடைத்திருக்க மாட்டார்கள். குரல் போனதும் கண்ணும் கையும் தோளும் பேச வேண்டிய கட்டாயம் வந்தது.

அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் நாட்டியம் பயின்று வந்தவர்கள். தஞ்சாவூர் டி.ஆர்.ராஜகுமாரி முன்னோடி. 'ஹரிதாஸ்' (1944) படத்து ரம்பாவாக அவர் வீசிய பார்வையை அந்தத் தலைமுறை கடைசிவரை மறக்கவில்லை. 'சந்திரலேகா' (1948) அவர் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. சம்பாதித்ததைத் தம்பி டி.ஆர்.ராமண்ணாவுடன் சேர்ந்து படத்தயாரிப்பில் போட்டார், தியாகராய நகரில் தம் பெயரிலேயே தியேட்டர் கட்டினார். குமாரி கமலாவும் வைஜயந்திமாலாவும் வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவிகள். 'வாழ்க்கை' (1949) வழியாக வந்த வைஜயந்திமாலாவை இந்தி உலகம் எடுத்துக்கொண்டது. நம்மோடு தங்கியவர் பத்மினி.

பத்மினி பிறந்தது திருவனந்தபுரத்தில். குரு கோபிநாத்திடமும் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் கற்றவர். அவருடைய ஆரம்பப் படங்களில் ஆட்டம் தனியாகவும் நடிப்பு தனியாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றாகக் கலக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. கலந்த இடம் எது என்றால் தயங்காமல் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்பேன். காயம்பட்டு மீண்ட நாதஸ்வர வித்வான் எதிரே இருக்கிறான். சபை நிறைய ஆட்கள், தாயின் கண்ணும் மேலே இருக்கிறது. நேரே கேட்க முடியாத நலத்தை மோகனா பதத்துக்கு அபிநயம் பிடிக்கிற சாக்கில் கேட்கிறாள். கை முத்திரை சபைக்கு, கண் அவனுக்கு. கை ஒழுங்காகப் பதத்தின் பொருளைச் சொல்லிக்கொண்டே போக, கண் மட்டும் நொடிக்கு நொடி கலங்கித் தேறுகிறது. நட்டுவனாரிடம் அடி வாங்கிக் கற்காத ஒருவரால் இப்படி இரண்டையும் பிரித்து ஓட்ட முடியாது.

ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்கள் செய்தது இன்னொரு அதிசயம். கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. ஆனால் 'கண்ணகி' (1942) படத்தில் இளங்கோவனின் வசனத்தை அவர் பேசியதைக் கேட்டுத்தான் தமிழ்நாடு செந்தமிழ் வசனத்துக்குப் பழகியது. 'மனோகரா'வில் (1954) மகன் இடிபோல முழங்குகிறான், தாய் அடக்கிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அந்தத் தாய் உத்தரவு கொடுக்கும்போதுதான் மகனைப் பிணைத்த சங்கிலி அறுகிறது. சிவாஜியின் முழக்கத்துக்கு அந்தக் கனம் வந்தது, அதுவரை கண்ணாம்பா கட்டிக்காத்த மௌனத்தால்தான்.

பானுமதி இந்தக் கணக்குகளில் அடங்காதவர். தம் பாட்டைத் தாமே பாடினார், கதை எழுதினார், ஸ்டுடியோ வைத்தார், 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போன்ற படங்களில் எம்.ஜி.ஆருக்கு எதிரே நிற்கும்போதும் அவர் கண்ணில் ஒரு சவால் இருக்கும். காதலிக்கும்போதுகூடத் தணிந்து போகாத பார்வை அது. அந்த நிமிர்வுக்கு அவர் விலையும் கொடுத்தார். 'மிஸ்ஸியம்மா'வின் தெலுங்குப் படத்தில் முதலில் நடிக்க ஆரம்பித்தவர் அவர்தான். மனஸ்தாபத்தில் விலக நேர்ந்தது. அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது.

சாவித்திரியிடம் கொட்டகைக் குரல் கிடையாது, சங்கீதம் கிடையாது, நாட்டியத்திலும் பத்மினிக்குச் சமம் இல்லை. அவரிடம் இருந்தது கவனிப்பு. 'மாயாபஜா'ரில் (1957) வத்சலாவின் உருவத்தில் கடோத்கஜன் புகுந்துவிடுகிறான். பெண்ணாக நளினமாக ஆடிக்கொண்டே இருப்பவர் சட்டென்று தோளை விரித்து, கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் நடையைப் போடுகிறார். பிறகு யாரோ பார்க்கிறார்கள் என்று உணர்ந்து நாணத்துக்குத் திரும்புகிறார். ரங்காராவ் எப்படிக் கால் வைப்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்று எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் இது வந்திருக்கும்! 'நவராத்திரி'யில் (1964) சிவாஜிக்கு ஒன்பது வேடம். ஊரெல்லாம் அந்த ஒன்பதைப் பேசியது. ஒன்பது பேருக்கும் எதிரே நின்றவள் ஒருத்தி. ஆள் மாறாது. எதிரே வருகிற ஒவ்வொருவனுக்கும் ஏற்ப அவளுடைய அச்சமும் இரக்கமும் மட்டும் மாற வேண்டும். வேடம் மாற்றி நடிப்பதைவிட இது கடினம் என்று துணிந்து சொல்வேன். அந்த முகம் ஒவ்வொரு முறையும் நம்பியதால்தான் ஒன்பது சிவாஜியையும் நாம் நம்பினோம்.

பண்டரிபாய்க்கு உரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை. 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது, நடனமும் கிடையாது. ஒரு கதாநாயகி சாய்ந்துகொள்ள எந்தச் சுவரும் இல்லாத படம் அது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனை எதிர்க்கிற மனைவியாக, வெறும் பார்வையாலும் தாழ்ந்த குரலாலும் படத்தைத் தாங்கினார். அதே வழியில் சௌகார் ஜானகி மேடைக்கும் திரைக்குமாகப் போய்வந்து, சோகத்துக்கென்றே முத்திரை குத்தப்பட்ட பிறகு 'எதிர்நீச்சல்', 'தில்லு முல்லு' என்று நகைச்சுவையில் புகுந்து விளையாடினார்.

நகைச்சுவைப் பக்கம் டி.ஏ.மதுரம் தனி வரலாறு. என்.எஸ்.கிருஷ்ணன் பேசி முடிக்கும்வரை ஒன்றும் தெரியாதவர் போல நின்று, ஒரே வார்த்தையில் சபையைச் சிரிக்க வைப்பார். கலைவாணர் கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது நாடகக் குழுவை நடத்தியதும், லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன அவருடைய வழக்குக்குத் தூணாக நின்றதும் மதுரமே. சி.டி.ராஜகாந்தம், அங்கமுத்து, டி.பி.முத்துலட்சுமி, எம்.எஸ்.சுந்தரிபாய் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டுரை வேண்டும், இங்கே இடம் போதாது.

இந்த வழிகள் எல்லாம் ஒரே பந்தலுக்குள் வந்து சேர்ந்ததும் 'தில்லானா மோகனாம்பா'ளில்தான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர் அது. நாட்டிய வழிக்குப் பத்மினி. மகளைப் பணக்காரனிடம் ஒப்படைக்கத் துடிக்கும் வடிவாம்பாளாக சி.கே.சரஸ்வதி. அந்த வடிவாம்பாளை வெறும் வில்லி என்று தள்ளிவிடுகிறோம். பசி அறிந்த ஒரு குலத்தின் பயம் அவர் குரலில் கேட்கும், சற்றே நிதானமாகக் கேட்டால். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் வசனம் பேசிப் பிழைத்தவருக்கு, நாடகக்காரி வேடமே வந்து வாய்த்தது. இழுத்து இழுத்துப் பேசும் பேச்சும் சடசடக்கும் சிரிப்புமாக வருகிற ரமாமணி, மோகனாவின் மனம் யாரிடம் இருக்கிறது என்பதை நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள். அவளுக்கும் அவன்மேல் பிரியம் உண்டு. அதை ஒரு பெருமூச்சுக்குக்கூட இடம் கொடாமல் விழுங்கிவிட்டு, அடுத்த வசனத்தை அதே சுருதியில் எடுக்கிறார் மனோரமா.