சிங்கிள் ஸ்பீடு சைக்கிளும் கேம்ப்பின் சாலைகளும்

முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஒரு செயின். சிங்கிள் ஸ்பீடு ரோடு பைக்கின் ஓட்டப் பகுதி இவ்வளவுதான். கியர் மாற்றும் பொறியோ அதற்கான கேபிளோ ஹேண்டிலில் கட்டைவிரல் தேடும் விசையோ கிடையாது. மெல்லிய டயரும் தாழ்ந்த ஹேண்டிலும் இலகுவான சட்டமும் சேர்ந்தால் வண்டி முழுமையாகிவிடும். குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகிய தலைமுறைக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. பால்காரரும் பேப்பர்காரரும் ஓட்டிய கறுப்பு அட்லஸும் ஹெர்குலிஸும் ஒற்றைக் கியர் வண்டிகளே. 1990-களில் தடித்த டயருடன் ‘எம்டிபி’ (மவுண்டன் பைக், அதாவது மலைச் சைக்கிள்) என்ற பெயரில் வந்து அவற்றை ஓரங்கட்டிய சைக்கிள்களிலும் பலவற்றுக்குக் கியர் இருந்ததில்லை. மலை என்பது சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில்தான் இருந்தது. இன்று 21 கியர் எம்டிபியை விட்டுவிட்டு சிங்கிள் ஸ்பீடுக்கு வருபவர் தாத்தாவின் வண்டிக்குத்தான் திரும்புகிறார், கூடுதல் விலை கொடுத்து.

இந்த மாற்றத்தை எடைபோடுவதற்குப் புனேயின் கேம்ப் நல்ல களம். 1817-இல் நடந்த கட்கிப் போரை ஒட்டி உருவான ராணுவக் குடியிருப்பு இது; மராத்தியில் இன்றும் லஷ்கர் என்பார்கள். எம்.ஜி. ரோடும் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டும் அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்களும் ஏறக்குறைய சமதளம். கிழக்கே ரேஸ் கோர்ஸ், எம்ப்ரஸ் கார்டன் பக்கம் போனால் சாலை அகன்று மரநிழலும் கிடைக்கும். ஒரு காலத்தில் புனேவுக்கே சைக்கிள் நகரம் என்று பெயர். 1972-இல் பஜாஜ் சேத்தக் வந்தது. அடுத்து வந்த ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வெள்ளத்தில் அந்தப் பெயர் பழங்கதையானது. ஆனால் அகலமும் சரிவும் அதிகம் மாறாத கேம்ப்பின் உள்தெருக்கள் இன்னும் சைக்கிளின் அளவுக்கே பொருந்துகின்றன.

எம்டிபியிலிருந்து மாறுபவர் முதல் நாளிலேயே உணர்வது வேகம். அதே காலுக்கு வண்டி பறக்கிறது. கியர் போனதால் வந்த லாபம் இது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். சிங்கிள் ஸ்பீடு பற்றிய புகழ்ச்சியில் பாதி இந்தத் தவறான கணக்கில் எழுந்தது. முரட்டுப் புடைப்புகள் கொண்ட இரண்டு அங்குல டயர், 35 பிஎஸ்ஐ காற்றில், தார்ச்சாலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நிமிர்ந்து உழைப்பைத் தின்கிறது. 28 மில்லிமீட்டர் வழவழப்பு டயர் 80 பிஎஸ்ஐயில் அதை விட மிகக் குறைவாகவே தின்னும். முன்னால் குனிந்த உட்காரல் காற்றின் தடையைக் குறைக்கிறது. சஸ்பென்ஷன் ஃபோர்க் இல்லாததால் எடை சில கிலோ இறங்குகிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஸ்பிரிங்கில் அமுங்கி வீணாகும் உழைப்பும் மிச்சம். இவை எல்லாமே ரோடு பைக் தரும் பலன்கள். கியர் வைத்த ரோடு பைக்கிலும் இதே பலன் வரும்; பழைய எம்டிபிக்கு வழவழப்பு டயர் மாட்டினால்கூட அதில் ஒரு பங்கு வந்துவிடும். செயின் நேர்கோட்டில் ஓடுவதால் கிடைக்கும் திறன் உண்மைதான், ஆனால் சாலையில் ஓட்டுபவரின் காலுக்குத் தெரியாத அளவு சின்னது.

அப்படியானால் ஒற்றைக் கியர் தனியாகத் தருவது என்ன? பராமரிப்புச் சுமையின் குறைவு, அடுத்து ஒரு வகைக் கவனம். கியரைத் தேர்ந்தெடுக்கும் வேலை சாலையிலிருந்து கடைக்கு நகர்ந்துவிடுகிறது. ஒருமுறை முடிவு செய்த பிறகு ஓட்டுபவருக்கு மிஞ்சுவது மிதிப்பது, நிறுத்துவது, முன்னால் பார்ப்பது மட்டுமே. ஆட்டோ திடீரென்று ஒதுங்கும் தெருவில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் அந்த ஒரே முடிவு சரியாக இருக்க வேண்டும். முன் பல்சக்கரத்தின் பல்லைப் பின்னதன் பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் வரும். ரோடு பைக்கின் 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 46-க்கு 16 பல் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 6 மீட்டர். 46-க்கு 18 என்றால் 5.4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது அளவில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 62 சுற்று போதும், 30 போக 93 வேண்டும். கேம்ப்பின் நெரிசலில் சைக்கிளின் வேகம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். கடைகளில் பளபளப்பாக நிற்கும் வண்டிகள் பல 46-க்கு 16 என்ற கனமான அளவோடு வருகின்றன. ஓடத் தொடங்கிய பின் சுகமான அளவுதான் அது. ஆனால் எம்.ஜி. ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புபவருக்கு ஒவ்வொரு கிளம்பலும் மாடிப்படி ஏறுவது போலாகும். எம்டிபியின் இளகிய கியரில் பழகிய முழங்கால் இரண்டு வாரத்தில் முணுமுணுக்கத் தொடங்கும். வலி முழங்கால் சில்லின் முன்பக்கம் வந்தால் கியர் கனம், அல்லது சீட் தாழ்வு, பெரும்பாலும் இரண்டும். 18 பல் ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பின் பல்சக்கரம்) வாங்கி மாட்டுவது வண்டி விலையோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு.

பழக்கங்களை மாற்றுவதுதான் உண்மையில் கடினம். எம்டிபிக்காரர் பள்ளத்தைப் பார்த்ததும் சீட்டிலிருந்து லேசாக எழுந்து நேரே உள்ளே இறக்குவார். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மெல்லிய டயரில் அதைச் செய்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஓட்டையைவிடப் பெரிய சிக்கல் பிறகுதான். ரோடு பைக் டியூப் பலவற்றில் இருப்பது பிரெஸ்டா வால்வு: பென்சில் முனை போல ஒல்லி, நுனியில் ஒரு குட்டித் திருகு. தெருமுனைப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. பிரெஸ்டாவின் மேல் அதை வைத்தால் காற்று உஸ்ஸென்று வெளியேதான் போகும். விரல்நகம் அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகினால் அந்தக் குழாயே பொருந்திவிடும். சில பத்து ரூபாய்ச் சாமான். பையில் இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மழைக்காலம், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, நன்மையும் குறையும் ஒரே நேரத்தில் வெளிப்படும் பருவம். சேறும் மணலும் புகுந்து எம்டிபியின் பின் கியர் அடுக்கு கரகரக்கும்; சிங்கிள் ஸ்பீடில் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. செயின் தளர்ந்தால் பின்சக்கர நட்டுகளை 15 மில்லிமீட்டர் ஸ்பேனரால் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயினின் நடுவில் அரை அங்குலம் அளவுக்கு ஆட்டம் வைத்து முடுக்கலாம். தெருவோர மெக்கானிக் யாருக்கும் தெரிந்த வேலை இது; நவீன சைக்கிளில் அப்படிச் சொல்லக்கூடியவை குறைந்துகொண்டே வருகின்றன. மறுபக்கம், டிஸ்க் பிரேக்கில் பழகிய கைக்கு நனைந்த ரிம் பிரேக் திகில் தரும்: பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்து, அதற்குப் பிறகுதான் பிடிக்கும். நெருக்கமாக வடிவமைத்த சட்டத்தில் மட்கார்டுக்கு இடம் இருக்காது. முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம்.

கேம்ப்பை விட்டு வெளியேறினால் கணக்கு மாறிவிடும். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகும் இரண்டு பால்கிகளும் (மகான்களின் பல்லக்கு ஊர்வலங்கள்) புனேயிலிருந்து கிழக்கே வந்து ஹடப்சரில் பிரிகின்றன. துக்காராமின் பால்கி லோணி காள்போர் வழியாகச் சமதளத்தில் போகும். ஞானேஸ்வரின் பால்கி திவே காட் என்ற மலைப்பாதையில் ஏறி சாஸ்வட் போகும். ஒற்றைக் கியர்க்காரருக்கு உகந்தது துக்காராமின் வழி. சோலாப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகளின் தொல்லை உண்டு, எதிர்காற்று அடித்தால் இறக்கிக்கொள்ள இளகிய கியரும் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் அது ஓட்டக்கூடிய சாலை.

காட் ஏறுவது வேறு விஷயம். கோண்ட்வா தாண்டி வரும் போப்தேவ் காட்டிலோ திவே காட்டிலோ நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றம் ஒன்று வருவதாகக் கொள்ளலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. 46-க்கு 18-இல், நிமிடத்துக்கு 40 சுற்று என்ற திணறும் மிதிப்பில்கூட வண்டி மணிக்கு 13 கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும். புவியீர்ப்பை வெல்ல மட்டுமே ஏறத்தாழ 225 வாட் தேவை. எம்டிபியின் 24-க்கு 28 கியரில் அதே ஆள், வண்டியின் எடை ஐந்து கிலோ கூடுதலாக இருந்தாலும், 65 சுற்றில் மணிக்கு 7 கிலோமீட்டராக ஊர்ந்து 130 வாட்டில் ஏறிவிடுவார். மெதுவாகப் போகும் உரிமையைத்தான் கியர் தருகிறது. ஒற்றைக் கியர் காலுக்கு வலு ஏற்றும் என்று சொல்லப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் புனேக்கு அருகிலுள்ள சிங்ஹகட் கோட்டை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டரில் இருக்கிறது, புனே 560-இல். அந்த ஏற்றத்தில் ஏறும் வலு வருவதற்குள் முழங்கால் சோர்ந்துவிடும்.

ஃபிக்ஸட் கியர் என்ற உறவுக்கார வகையையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் கால் நேரடியாக உணரும் சுகத்துக்காகவும் சீரான மிதிப்புக்காகவும் இதை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் எம்டிபியிலிருந்து வருபவரின் உடம்பில் ஊறிய பழக்கம், மேடு வந்தால் இரு பெடலையும் சமமாக நிறுத்தி எழுந்துகொள்வது. வேகத்தடைகள் நிறைந்த கண்டோன்மென்ட் தெருவில் ஃபிக்ஸட் வண்டியில் அப்படி நிறுத்த முயன்றால் பெடல் காலைத் தூக்கி எறியும். வளைவில் உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கவும் கூடும். முன்பிரேக் இல்லாமல் ஓட்டுவதைப் பெருமையாகக் காட்டும் மோகம் கேம்ப்பின் நெரிசலில் வெறும் அசட்டுத்தனம். முதல் ஆறு மாதம் ஃப்ரீவீலும் இரண்டு பிரேக்கும் போதும்.

பல சிங்கிள் ஸ்பீடு வண்டிகளின் பின் ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருக்கும்: ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரம். மறுபக்கத்தை வேறு வகையில் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். டூர் டி ஃபிரான்ஸில் கியர் மாற்றும் பொறிக்கு 1937 வரை அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டுதான் வீரர்கள் ஏறினார்கள். கேம்ப்புக்கு 18, ஏற்றத்துக்கு 22 என்று இரண்டு ஃப்ரீவீல் மாட்டினால் அதே ஏற்பாடு கிடைக்கும். ஒரு பல் கூடினால் சக்கரம் 3 மில்லிமீட்டர் முன்னே நகர வேண்டும். நான்கு பல் வித்தியாசத்தைச் சட்டத்தில் பின் அச்சு பொருந்தும் நீண்ட காடி பெரும்பாலும் தாங்கும். 46-க்கு 22-இல் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர். போப்தேவ் அப்போதும் வியர்க்க வைக்கும். ஆனால் அடிவாரத்தில் ஸ்பேனரை எடுத்து ஐந்து நிமிடம் செலவழிக்கத் தயாரானவர் நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டிய வளைவுகள் குறையும்.