ஊசி ஒடஞ்சா மிசினை நிறுத்து!

கல்லூரியில் படித்த மூன்று வருடத்தை ஒரு தட்டிலும், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த முப்பது நாளை இன்னொரு தட்டிலும் வைத்தால் கம்பெனித் தட்டுதான் தாழும். பேராசிரியர்கள் மன்னிக்கட்டும், உண்மை அதுதான்!

"விஸ்காம் படிக்கிற புள்ளைக்குப் பனியன் கம்பெனியில என்ன வேலை?" என்றார் அம்மா. தோழிகள் சேனல், விளம்பர ஏஜென்சி என்று சென்னைக்குக் கிளம்பினார்கள். எனக்கு அமைந்தது உள்ளூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தகவல் தொடர்புப் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, நான். அவ்வளவுதான்.

போனது இரண்டு கிரெடிட்டுக்காகத்தான், ஒளிப்பானேன்? 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் ஒதுக்குகிறது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். அந்தக் கணக்கில் என்னுடைய 60 மணி நேரம் எட்டாவது நாள் மதியமே தீர்ந்துவிட்டது. மீதி நாளெல்லாம் ஆசைக்குப் போனவை.

முதல் வேலை, தையல் பகுதியில் ஒட்ட ஓர் அறிவிப்பு. தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கிருக்கும் பீஸ்களைத் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக்கூடாதே!

நானும் எழுதினேன்: 'உடைந்த ஊசியின் பாகங்களைத் தாமதமின்றி உரிய மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' டைலருக்குப் பக்கத்தில் கைமடியாக, அதாவது உதவியாளாக, உட்கார்ந்திருந்த அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, இது தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸா?"

"வேற எப்படிக்கா எழுதறது?"

"ஊசி ஒடஞ்சா மிசினை நிறுத்து. துண்டெல்லாம் சேந்தாத்தான் புது ஊசி. வேறென்ன இருக்குது?"

அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. பீகார்த் தம்பி ஒருவர் அதை இந்தியில் சொன்னார், ஒடிசாக்காரர் ஒருவர் ஒடியாவில் எழுதியே கொடுத்தார். எந்த எழுத்தும் படிக்கத் தெரியாதவர்களுக்காக மூன்று படம் வரைந்தேன்: உடைந்த ஊசி, நிறுத்தப்பட்ட மெஷின், பதிவேட்டில் ஒட்டிய துண்டுகள். மறுநாள் காலையில் அது சுவரில் ஏறியது. என் பெயர் அச்சில் வந்திருந்தால்கூட அவ்வளவு துள்ளியிருக்கமாட்டேன்!

பத்தாம் நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு பையரின் மெயிலைச் சுருக்கமாகத் தமிழில் எழுதிக் கட்டிங் பகுதிக்குக் கொடுக்கச் சொன்னார் மெர்ச்சண்டைசர் அண்ணா. முதல் வரியில் 'அப்ரூவ்டு' என்று இருந்தது. 'சாம்பிள் ஓகே' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழு ஓகேவா, கமெண்ட் இருக்குதாம்மா?" ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே ஒரு வரி: நெக் ரிப், அதாவது கழுத்துப் பட்டை, 1.5 சென்டிமீட்டர் இல்லை, 2 வேண்டும். பன்னிரண்டாயிரம் பீஸ் ஆர்டர்! அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கத்தியை வைத்திருந்தால்? திட்டுவார்கள் என்று நின்றேன். "மெயிலைக் கீழிருந்து மேல படிச்சுப் பழகும்மா" என்றதோடு அண்ணா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன்.

கடைசி வாரம், சாயக்கழிவைப் பற்றி பையர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு பக்கப் பதில் தயாரிக்க வேண்டும். நொய்யல் ஆற்றைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். கழிவுநீரைச் சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்துத் திரும்பப் பட்டறைக்கே கொண்டுபோவதையும், எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதையும் எழுதிவிட்டு, முடிவில் 'இயற்கையின் காவலர்கள் நாங்கள்' என்று ஒரு போடு போட்டிருந்தேன். அண்ணா அந்த வரியை மட்டும் அடித்தார். "அது நம்ம சொல்லக்கூடாது. தண்ணி எங்க போகுதுன்னு சொல்லு, போதும்." தகவல் தொடர்புக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஜூனியர்களே, உங்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்கிறேன். முதலில் துறைத்தலைவரிடம் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். போய் வந்த பிறகு கேட்டால் கிரெடிட் சிக்கலாகும். மணிக்கணக்கை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சான்றிதழ் தருவார்களா என்று கேட்பதற்கு முன், நாம் எழுதுவதை யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். படிக்க ஆளிருக்கும் இடம்தான் நமக்கான இடம். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் ஊர் இது. எத்தனை மொழிக்காரர்கள், எத்தனை தேசத்து பையர்கள்! இதற்குள் எழுத்து வேலையா இல்லை?

வைவா முடிந்தது, இரண்டு கிரெடிட்டும் வந்தது. போன ஞாயிறு காதர்பேட்டையில் தம்பிக்கு டி-ஷர்ட் எடுக்கப் போனேன். கை தானாகக் கழுத்தைத் திருப்பி, ரிப்பை விரலால் அளந்தது. கடைக்காரர் என்னையே பார்த்தார்.

"ஏனுங்க, வாங்க வந்தீங்களா, செக்கிங்குக்கு வந்தீங்களா?"