கப்பல் தளமும் கடற்பறவையும்: தென்கடல் எழுத்தில் ஆல்பட்ராஸ்

ஆய்வுச் சுருக்கம்

தென்பெருங்கடலின் குளிர்நீர்ப் பரப்பில் கப்பலைத் தொடரும் ஆல்பட்ராஸ், ஆங்கில எழுத்தில் பெரிதும் குறியீடாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. கோல்ரிட்ஜின் கவிதை (1798), மெல்வில்லின் புதினம் (1851), மர்ஃபியின் நாட்குறிப்பு நூல் (1947) ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, நோக்குவோர் நிற்கும் கப்பல் தளம் பறவையின் சித்திரிப்பை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆல்பட்ராஸ், தென்பெருங்கடல், கப்பல் தளம், குறியீடு, சூழலியல் திறனாய்வு

முன்னுரை

தென் அகலாங்கு 40 பாகைக்குத் தெற்கே மேற்குக் காற்று பெரிய நிலத்தடை ஏதுமின்றி உலகைச் சுற்றி வீசுகிறது. அக்காற்றே ஆல்பட்ராஸ் பறவையின் வாழிடத்தை வாழத்தக்கதாக்குகிறது. அலைந்து திரியும் ஆல்பட்ராஸ் என்னும் பேரினத்தின் சிறகு விரிவு மூன்று மீட்டருக்கும் மேற்பட்டது. கடற்பரப்பை ஒட்டிய காற்று உராய்வினால் வேகம் குன்றியிருக்கும். மேலே செல்லச் செல்ல வேகம் மிகும். பறவை காற்றை எதிர்த்து மேலெழுந்து, திரும்பி, காற்றின் திசையில் சரிந்திறங்குகிறது. இவ்வேக வேறுபாட்டிலிருந்தே ஆற்றலைப் பெறுவதால், சிறகடிக்காமல் நெடுந்தொலைவு செல்ல அதற்கு இயல்கிறது.

தளத்தில் நிற்பவர் காணும் காட்சி முற்றிலும் இயல்பானதன்று. கப்பலிலிருந்து வீசப்படும் கழிவுணவை நாடியும் பறவைகள் பின்தொடர்கின்றன. ஒரே பறவை மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதால் எண்ணிக்கை பிழைபடும். இதனைத் தவிர்க்கவே டாஸ்கர் முதலானோர் 1984இல், கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலப் பட்டையை வரையறுத்து, பறப்பனவற்றைக் குறித்த கணங்களில் மட்டும் எண்ணும் முறையை முன்மொழிந்தனர். நோக்குமிடமே நோக்கப்படும் பொருளை மாற்றுகிறது என்னும் இவ்வுண்மையை அறிவியல் கணக்கில் கொண்டுள்ளது. இலக்கியத் திறனாய்வும் அதைக் கொள்ளவேண்டியுள்ளது.

கோல்ரிட்ஜ்: காணாத பறவை

‘தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்’ எழுதப்பட்டபோது கோல்ரிட்ஜ் கடற்பயணம் ஏதும் மேற்கொண்டிருக்கவில்லை. ஜார்ஜ் ஷெல்வாக் 1726இல் வெளியிட்ட பயண நூலை வாசித்திருந்த வேர்ட்ஸ்வொர்த்தே பறவைக் கொலை என்னும் கருவை அவருக்கு வழங்கினார். ஷெல்வாக்கின் கப்பலில் இருந்த சைமன் ஹாட்லி 1719இல், கேப் ஹார்ன் கடற்பகுதியில், கப்பலைத் தொடர்ந்த கருநிற ஆல்பட்ராஸ் ஒன்றைத் தீநிமித்தம் எனக் கருதிச் சுட்டான். கோல்ரிட்ஜ் இக்காரணத்தை நீக்கிவிட்டார். கவிதையில் கொலைக்குக் காரணம் கூறப்படவில்லை; அதுவே குற்றத்தின் கனத்தைப் பெருக்குகிறது.

எனினும் பறவையைப் பற்றிய ஒரு செய்தி கவனத்திற்குரியது. கவிதையில் அது பாய்மரத்திலோ கயிற்றிலோ மாலைதோறும் வந்தமர்கிறது. விரலிடைச் சவ்வுடைய பாதங்களைக் கொண்ட ஆல்பட்ராஸ் அவ்வாறு அமர்வதில்லை. அது நீரிலோ நிலத்திலோதான் இறங்கும். கூம்பின்மேல் அமர்தல் கரைப்பறவையின் இயல்பு. குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில், கரைகாணாமல் மீண்டு வங்கத்தின் கூம்பை அடையும் பறவை, வேறு புகலிடம் இல்லாத அடியவர் நிலைக்கு உவமையாகிறது. அங்கு உவமை பொருந்துவதற்குக் காரணம், பறவைக்குக் கடல் அயலிடம் என்பதே. தென்கடலில் இவ்வுறவு தலைகீழாகிறது: கடல் பறவைக்கு உரியது, கப்பலே அயலானது. கோல்ரிட்ஜ் கடற்பறவைக்குக் கரைப்பறவையின் அமர்நிலையை அளித்து, அதை மனிதரின் விருந்தாளியாக்குகிறார். கவிதையின் அறம் விருந்தோம்பல் மீறலாக அமைவதற்கு இப்பிழையே துணைநிற்கிறது.

மெல்வில்: தளத்தில் வீழ்ந்த பறவை

‘மோபி டிக்’ புதினத்தின் 42ஆம் இயலில் திமிங்கிலத்தின் வெண்மை ஆராயப்படுகிறது. அதன் அடிக்குறிப்பொன்றில் கதைசொல்லி, அண்டார்டிக் கடலை அடுத்த நீர்ப்பரப்பில் நீடித்த புயலின்போது தான் முதன்முதலாகக் கண்ட ஆல்பட்ராஸை நினைவுகூர்கிறான். கோல்ரிட்ஜின் கவிதையை அப்போது தான் வாசித்திருக்கவில்லை என்று அவன் வலியுறுத்துவது குறிப்பிடத்தக்கது. தன் வியப்பு நூல்வழி வந்ததன்று என நிறுவுவதே அவன் நோக்கம். மாலுமி ஒருவன் அப்பறவைக்குக் கூறும் ‘கோனி’ என்னும் வழக்குப் பெயரும் அந்நோக்கத்திற்கே துணைசெய்கிறது.

ஆயினும் அவன் காண்பது பறத்தலையன்று. தூண்டிலில் பிடிபட்டுத் தளத்தில் கிடக்கும் உடலையே காண்கிறான். தன் இயல்பான இயக்கத்தை இழந்த நிலையில்தான் பறவை வானவர்க்கு நிகரான தூய்மை பெறுகிறது. கப்பலின் இடமும் காலமும் பொறித்த தோல் வில்லையைத் தலைவன் அதன் கழுத்தில் கட்டி விடுவிக்கிறான். அந்த வில்லை மனிதரை அடையாமல் வானுலகில் கழற்றப்பட்டது எனக் கதைசொல்லி கருதுகிறான். வன்முறையின் கருவியான தூண்டிலை ஒரு சொல்லில் கண்டித்துவிட்டு, உடனே வானுலகை நோக்கி நகர்வது இப்பகுதியின் அழகும் குறையும் ஆகும்.

மர்ஃபி: காதலும் துப்பாக்கியும்

ராபர்ட் குஷ்மன் மர்ஃபி 1912இல், தம் 25ஆம் அகவையில், ‘டெய்சி’ என்னும் பாய்மரத் திமிங்கில வேட்டைக் கப்பலில் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் புறப்பட்டார். அவ்வாண்டுதான் அவருக்குத் திருமணம் நிகழ்ந்திருந்தது. மனைவி கிரேஸுக்காக எழுதிய நாட்குறிப்பே 1947இல் ‘லாக்புக் ஃபார் கிரேஸ்’ என நூலாயிற்று. இடையில், 1936இல், தென் அமெரிக்காவின் கடற்பறவைகள் குறித்த இரு தொகுதி ஆய்வுநூலை அவர் வெளியிட்டிருந்தார். எனவே நாட்குறிப்பின் உடனடித்தன்மையை அப்படியே ஏற்றல் இயலாது. இளைஞரின் வியப்பைப் பதிப்பிப்பவர் முதிர்ந்த அறிஞர்.

இந்நூலில் பறவை வானிலும் நீரிலும் தன் இயல்பில் காணப்படுகிறது. அதே மர்ஃபி அருங்காட்சியகத்திற்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிக்கவும் செய்கிறார். கப்பலோ கடல்யானைகளைக் கொன்று எண்ணெய் எடுக்கிறது. அதுவும் நூலில் பதிவாகிறது. காரணமற்ற கொலையைக் கோல்ரிட்ஜ் பாவமாக்கினார். மர்ஃபியிடம் கொலைக்குக் காரணம் உண்டு, காதலும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று நீக்குவதில்லை. பாவமன்னிப்பையோ வானுலகையோ நாடாமல் இம்முரணை நிலைநிறுத்துவதால், மூன்றனுள் பறவைக்கு மிகுந்த நேர்மை காட்டும் பனுவல் இதுவே எனலாம்.

முடிவுரை

மெல்வில்லின் அடிக்குறிப்பில் கடந்துசெல்லப்படும் தூண்டில் இன்று மையத்திற்கு வந்துள்ளது. நெடுந்தூண்டில் மீன்பிடிப்பில் இரையைக் கவ்வும் ஆல்பட்ராஸ்கள் முள்ளில் சிக்கி நீரில் மூழ்கி இறக்கின்றன. தெற்கு ஜார்ஜியாவை அடுத்த பறவைத் தீவில் அலைந்து திரியும் ஆல்பட்ராஸின் எண்ணிக்கை 1960களிலிருந்து பாதிக்கும் மேல் குறைந்துள்ளது. ஆல்பட்ராஸ், பெட்ரல் பறவைகளைக் காக்கும் பன்னாட்டு உடன்பாடு 2004இல் நடைமுறைக்கு வந்தது. கொக்கியிட்ட கயிறுகளுக்கு எடை சேர்த்து விரைந்து அமிழச் செய்தல், இரவில் இடுதல், பறவை விரட்டும் நாடாக்களைக் கட்டுதல் ஆகியன இழப்பைக் குறைக்கின்றன.

இந்நிலையில் ஆல்பட்ராஸை ‘இயற்கை’ என்னும் பொதுச்சொல்லுக்குள் அடக்கும் வாசிப்பு போதுமானதன்று. பறவை எங்கே அமரும், எதனால் பறக்கும், எதற்காகக் கப்பலைத் தொடரும் என்னும் வினாக்கள் திறனாய்வுக்குப் புறம்பானவையல்ல. கோல்ரிட்ஜின் கூம்பும் மெல்வில்லின் தூண்டிலும் மர்ஃபியின் துப்பாக்கியும் காட்டுவதுபோல், பனுவல்களின் அறநிலை அவ்வினாக்களுக்கான விடையிலேயே உருப்பெறுகிறது.