சச்சின் கார், ஊரார் சந்தோஷம்

'ஃபெராரி கி சவாரி' (2012) பார்த்தீர்களா? ராஜேஷ் மபுஸ்கர் இயக்கிய இந்திப் படம். தெரியாமல் சிக்னலைத் தாண்டிவிட்டு, போலீஸ்காரரைத் தேடிப் போய் அபராதம் கட்டுகிற ஆர்.டி.ஓ. குமாஸ்தாவாக ஷர்மான் ஜோஷி. மகனின் கிரிக்கெட் பயிற்சிக்குப் பணம் வேண்டும். அரசியல்வாதி வீட்டு மாப்பிள்ளையோ ஃபெராரியில்தான் ஊர்வலம் வருவேன் என்று அடம். சச்சின் டெண்டுல்கரின் சிவப்பு ஃபெராரியைக் கேட்காமலே ஓட்டி வந்துவிடுகிறார் நம்ம ஆள்.

நிஜத்தில் சச்சினின் ஃபெராரி, பிராட்மனின் 29 டெஸ்ட் செஞ்சுரிகளை எட்டியதற்கு 2002-ல் வந்த பரிசு. சாவி கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். சுங்க வரி மட்டும் ஒரு கோடியே 13 லட்சம்! 2003-ல் அரசு அதைத் தள்ளுபடி செய்யப்போய், கோர்ட் வரை ரகளை. கடைசியில் ஃபியட் கம்பெனி கட்டியது.

யோசித்துப் பாருங்கள், இந்த மாதிரி காரில் உள்ளே இருப்பவருக்குத் தெரிவது ஸ்டியரிங்கும் முன்னால் போகும் ஆட்டோவின் முதுகும்தான். முழு அழகையும் பார்ப்பவன் பிளாட்பாரத்தில் நிற்பவன். படம் இதைப் பிடித்துவிட்டது. சச்சின் வருவதேயில்லை, சொந்தக்காரர் இல்லாமலே ஊர் குதூகலிக்கிறது. அதுவரை ஜோர். அப்புறம் வித்யா பாலன் ஆட்டம், துரத்தல் என்று இழுவை.

சிக்னலுக்கு அபராதம் கட்டியவர் காரைக் கிளப்பியதை மட்டும், கண்ணீரை வரவு வைத்து நேர் செய்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு உதைக்கிறது சார். தாத்தாவாக வரும் போமன் இரானிக்காகப் பார்க்கலாம்.