துளையும் துணையும்

கதைக்கும் கவிதைக்கும் திறனாய்வு வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிடவும் செய்கிறோம். ஆனால், ஒருவர் தாம் எடுத்த நிழற்படத்தை நம்முன் நீட்டினால், ‘அழகாக இருக்கிறது’ என்றோ, ‘சரியாக வரவில்லை’ என்றோ இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். கைப்பேசி வந்தபின் படம் எடுக்காதவர் அரியர். எடுத்தவருக்குப் பயன்படுமாறு கருத்துரைப்பவரோ அவரினும் அரியர். அவ்வாறு கருத்துரைப்பதற்கும் ஒரு நெறி உண்டு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியைக் காண்போம். பெரும் பொருளாதார வீழ்ச்சியால் அந்நாட்டு உழவர் நிலமிழந்து அலைந்த காலம் அது. அவர்களுக்கு மறுவாழ்வு அளிக்க 1935ஆம் ஆண்டில் அரசு ஓர் அமைப்பை நிறுவியது. 1937இல் அது வேளாண் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் பெயர் பெற்றது. அதன் நிழற்படப் பணிக்குத் தலைமை ஏற்றவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவர் நிழற்படக் கலைஞர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ், ஆர்தர் ராத்ஸ்டைன், ரஸ்ஸல் லீ முதலிய கலைஞர்கள் அவருக்காக நாடெங்கும் சென்று படம் எடுத்தனர். அவற்றுள் தக்கவற்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது.

வேண்டா என அவர் தள்ளிய படங்களுக்கு நேர்ந்தது யாது? தொடக்க ஆண்டுகளில், அவற்றின் நெகட்டிவில் துளையிடும் கருவியால் ஒரு வட்டத் துளை போடப்பட்டது. அதன்பின் அப்படத்தை அச்சிட்டால், உழவனின் முகத்திலோ வயலின் நடுவிலோ ஒரு கரும்புள்ளி நிற்கும். கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. துளைபட்ட நெகட்டிவுகள் பல இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன.

அத்துளை கூறுவது ‘வேண்டா’ என்னும் ஒன்றையே. ஏன் வேண்டா, எவ்விடத்தில் பிழை, அடுத்த முறை என்ன செய்யலாம் என்பவற்றுள் எதற்கும் அதில் விடையில்லை. எடுத்தவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மேலும், ஒருவருடைய அன்றைய கருத்து என்றைக்குமான தீர்ப்பாகிவிடுகிறது. அன்று பயனற்றது எனத் தள்ளப்பட்ட முகத்தை இன்று நாம் காண விரும்பினாலும், அம்மனிதரை மீண்டும் நிறுத்திப் படம் எடுக்க எவராலும் இயலாது.

அதே ஸ்ட்ரைக்கரின் மற்றொரு பக்கத்தையும் காணுதல் வேண்டும். 1942இல் கார்டன் பார்க்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் உதவித்தொகை பெற்று அவரிடம் வந்து சேர்ந்தார். கேமராவை வைத்துவிட்டு, வாஷிங்டன் நகரின் கடைக்கும் உணவகத்துக்கும் திரையரங்குக்கும் சென்றுவருமாறு ஸ்ட்ரைக்கர் அவரைப் பணித்தார். சென்ற இடமெல்லாம் நிறத்தின் பெயரால் அவமதிப்பே கிடைத்தது. உள்ளம் கொதித்த பார்க்ஸ், அரசுக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்துவந்த திருமதி எல்லா வாட்சன் என்னும் அம்மையாரை அமெரிக்கக் கொடியின்முன் துடைப்பத்தோடு நிறுத்திப் படம் எடுத்தார்.

அப்படம் தங்கள் அனைவரின் வேலைக்கும் உலை வைத்துவிடும் என்று ஸ்ட்ரைக்கர் கூறியதாகப் பார்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆயினும், அவர் சொன்னது அத்தோடு முடியவில்லை. அவ்வம்மையாரோடு தொடர்ந்து பணியாற்றுமாறு வழிகாட்டினார். பார்க்ஸ் அவருடைய வீட்டுக்குச் சென்றார். பேரப்பிள்ளைகளின் நடுவிலும் வழிபாட்டு இடத்திலும் அவரைப் படம் எடுத்தார். ஒரு படத்தோடு நின்றிருக்கக்கூடியது, ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறாக விரிந்தது.

ஒரே மனிதர் செய்த இவ்விரு செயல்களையும் ஒப்புநோக்குக. முன்னது எடுத்து முடிந்த படத்தைப் பற்றிய தீர்ப்பு. பின்னது இனி எடுக்க வேண்டிய படத்துக்குக் காட்டிய வழி. ஒருவரின் நிறையையும் குறையையும் எடைபோட்டு, மிகுந்தது எதுவோ அதைக் கொண்டு அவரை மதிப்பிடச் சொன்னார் வள்ளுவர். பணிக்கு ஆள் தேர்வோர்க்கு அது போதும். கற்பிப்போர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. குறை நீங்கும் வழியையும் அவர்கள் காட்டியாக வேண்டும்.

குறை எது என்பதிலும் கருத்து வேறுபடும். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், வறுமையில் வாடிய ஒரு தாயையும் அவர்தம் பிள்ளைகளையும் லாங் எடுத்த படம் உலகறிந்தது. அதன் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய கையின் கட்டைவிரல் தெரிந்தது. அது பார்வையைச் சிதறடிக்கிறது என்று கருதிய லாங், பின்னர் நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார். ஆவணத்தின் நம்பகத்தன்மை கெடும் என்று ஸ்ட்ரைக்கர் அதை விரும்பவில்லை. கலைஞர் வனப்பை நினைத்தார். ஆவணம் காத்தவர் சான்றை நினைத்தார். ஆகவே, படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் குறை கூறுதல் தகாது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு மாணவன் வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் தன் பாட்டியை வீட்டின் உள்ளிருந்து படம் எடுத்துக் கொண்டுவருகிறான் எனக் கொள்வோம். வெளியே நண்பகல் வெயில். பாட்டியின் முகம் இருண்டுவிட்டது. ‘முகமே தெரியவில்லையே’ என்றால் அவன் தலைகுனிந்து திரும்புவான். ஆசிரியர் முதலில் வினவ வேண்டியது, ‘இதில் எதைக் காட்ட நினைத்தாய்?’ என்பதே. ‘பால்மரம் சீவிக் காய்த்த கைகளை’ என்று அவன் விடையளித்தால், இருண்ட முகம் பெருங்குறை அன்று. கைகளை நெருங்கி எடுக்கச் சொன்னால் போதும். ‘பாட்டியின் சிரிப்பை’ என்றால், ‘வாசல் வெளிச்சமே என் கண்ணை முதலில் இழுக்கிறது, நீ வெளியே போய் நின்று எடுத்துப் பார்’ எனலாம்.

நோக்கத்தை வினவுதல், நம் கண் சென்ற இடத்தைச் சுட்டுதல், செய்யத்தக்க ஒன்றைக் கூறுதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன. ஒன்றே போதும். கட்டுரை ஏடு முழுவதும் சிவப்பு மையால் திருத்தினால் மாணவன் எதையும் படிப்பதில்லை என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். புகழுரைக்கும் இது பொருந்தும். எது நன்று, எதனால் நன்று எனக் கூறாத ‘அருமை’யும் ஒருவகைத் துளையே. மேலும், துணைநிற்கும் கருத்து இனிப்பாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேலைக்கு உலை வைக்கும் படம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்தாம் பார்க்ஸுக்கு வழியும் காட்டினார்.

தோட்டத்து லயங்கள் பல மறைந்துவிட்டன. அங்கு வாழ்ந்து உழைத்த பாட்டியரும் ஒவ்வொருவராய் நம்மைவிட்டுச் செல்கின்றனர். அவர்களின் முகங்களைப் பதிவுசெய்ய வேறெவரும் வரப்போவதில்லை; கையில் கைப்பேசியோடு நிற்கும் நம் பிள்ளைகள்தாம் அதைச் செய்ய வேண்டும். அப்பிள்ளை மறுநாளும் பாட்டியிடம் போவானா, மாட்டானா என்பது பெரும்பாலும் நாம் கூறும் சொல்லைப் பொறுத்தது. ஆதலின், ஒருவர் தம் படத்தை நீட்டும்போது, நன்று தீது என்று கூறுமுன் சற்று நேரம் உற்றுநோக்கி, எதைக் காட்ட விரும்பினீர்கள் என்று வினவுவோமாக.